கத்தி வாங்கப் போகும்போது காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

போன வாரம் கடைக்கு வந்தவர் இடது உள்ளங்கையில் பெரிய கட்டோடு நின்றார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். மற்றக் கையில் பளபளவென்று ஒரு மடக்குக் கத்தி. "அண்ணே, இதுக்கு எத்தன வாட்டி சாணை புடிச்சாச்சு, ரெண்டு நாளுகூட பதம் நிக்க மாட்டேங்கு" என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கன்னியாகுமரியில், சபரிமலை சீசன் கடையில். அது இருக்கட்டும். அவருடைய மச்சான் துபாயிலிருந்து வரும்போது ஒரு சுவிஸ் விக்டோரினாக்ஸ் கத்தி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அதை இவர் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஏனாம்? "அதுல காந்தம் ஒட்டிச்சு அண்ணே. டூப்ளிகேட்டு சாதனம். இது பாருங்க, ஒட்டாது. ஒரிஜினல் ஸ்டீலாக்கும்."

அந்த "ஒரிஜினல்" கத்தியால் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) தோல் சீவும்போது முனை ஏறவில்லை, அழுத்தியிருக்கிறார், வழுக்கிவிட்டது. ஏழு தையல்.

இந்தக் காந்தக் கதையை நேரில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிடுகிறேன், இனி வருகிறவர்களுக்கு லிங்கை அனுப்பிவிடலாம்.

பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. நல்ல எவர்சில்வர் குடமும் சோற்றுப்பானையும் பெரும்பாலும் 304 என்கிற ரகம். நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். அந்த நிக்கல்தான் காந்தம் ஒட்டாமல் வைத்திருக்கிறது. புளிக்குழம்பு ஊற்றினாலும் உப்பு போட்டாலும் அசையாது. பாத்திரத்துக்கு அருமையான உலோகம். ஆனால் அதில் கார்பன் 0.08 விழுக்காட்டைத் தாண்டாது. அதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குங்கள், தண்ணீரில் முக்குங்கள், தோய்ச்சல் ஏறவே ஏறாது, அதாவது கெட்டிப்படாது. தோய்ச்சல் ஏறாததில் கூர் வைக்கலாம், நிற்காது. உங்கள் வீட்டுக் கரண்டியின் ஓரத்தை நான் சவரக்கத்தி மாதிரி தீட்டித் தருகிறேன், நாலு தக்காளி வெட்டுவதற்குள் மழுங்கிவிடும். அந்த சீசன் கடைக் கத்தி அந்த ஜாதிதான்.

கத்திக்கு வேண்டிய ஸ்டெயின்லெஸ் வேறு. குரோமியம் 13, 14 விழுக்காடு இருக்கும். கார்பன் அரை விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நிக்கல் பேருக்குத்தான். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடு காட்டி எடுத்தால் கெட்டிப்படும். அப்படிக் கெட்டிப்பட்ட ஸ்டீலில் காந்தம் ஒட்டியே தீரும். சந்தேகம் இருந்தால் காலையில் சவரம் செய்த பிளேடில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கவ்விப் பிடிக்கும். அந்த பிளேடும் டூப்ளிகேட்டா?

உடனே திருப்பிக் கேட்பார்கள்: "அப்போ ஒட்டுனா நல்ல கத்தியா?" இல்லை ஐயா. கட்டுக்கம்பியிலும்தான் ஒட்டும், சாதாரணத் தகரத்திலும் ஒட்டும். காந்தம் உங்களுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: ரோட்டோரக் கடையில் உலோகக் கத்தியில் காந்தம் ஒட்டவில்லை என்றால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மற்றது எதையும் அது சொல்லாது. துருப்பிடிக்குமா பிடிக்காதா என்பதையும் சொல்லாது.

சரி, எந்த ஸ்டீல் வாங்கலாம்?

இதைக் கேட்கிற காலேஜ் பையன்கள் யூடியூப் பார்த்துவிட்டு டி2, எஸ்30வி என்று ஸ்டீல் பெயர்களை அடுக்குவார்கள். எத்தனை ராக்வெல் (கடினத்தை அளக்கும் கணக்கு) என்பதுதான் முதல் கேள்வி. கடினம் கூடக் கூட நல்ல கத்தி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடினம் கூடினால் கூர் கூடுதல் நாள் நிற்கும், வாஸ்தவம். கூடவே விளிம்பு பொரிந்து உதிரவும் செய்யும், தீட்டவும் கஷ்டம். பெயிண்ட் டப்பா மூடியை நெம்ப உங்களுக்குக் கத்திதானே கிடைக்கிறது? அப்படி நெம்பி நுனி உடைந்த விலை உயர்ந்த கத்திகள் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன.

குளச்சலில் விசைப்படகுக்குப் போகிற ஒரு தம்பி ஆசைப்பட்டு டி2 கத்தி வாங்கினார். வலைக் கயிறு அறுக்கத் தோதாகத்தான் இருந்தது. ஒரு தங்கல் (கடலிலேயே தங்கிப் பிடிக்கிற நாட்கள்) முடிந்து கரைக்கு வந்தபோது அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், வெட்டும் விளிம்பிலேயே பல்லுப் பல்லாக அரித்திருந்தது. "பன்னிரண்டு குரோமியம் இருக்குன்னு போட்டிருக்கே?" என்கிறார். இருக்கிறது. ஆனால் டி2-வில் கார்பன் ஒன்றரை விழுக்காடு. குரோமியத்தில் நல்ல பங்கை அந்தக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்ளும், மிச்சம் இருப்பதுதான் துருவைத் தடுக்கும். அது தொழிற்சாலை டூல் ரூமில் டை (தகட்டை வெட்டுகிற அச்சு) செய்ய வந்த ஸ்டீல், ஏசி அறையில் சொகுசாக இருக்கும். சின்னமுட்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் வரைக்கும் கடற்காற்றில் அது தாங்காது.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு என் சிபாரிசு எளிமையானது. விக்டோரினாக்ஸ் போடுகிற 1.4110 ஸ்டீல், ராக்வெல் 56. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் துருவுக்கு அசையாது, வீட்டுக் கல்லில் ஐந்து நிமிடத்தில் பதம் வந்துவிடும். ஓப்பினல் என்கிற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் இனாக்ஸ் (ஸ்டெயின்லெஸ்) ரகத்தில் வருகிற 12சி27-ம் அப்படித்தான். 14சி28என் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்திருப்பார்கள், துருவும் பிடிக்காது, கூரும் நிற்கும். பணம் பொருட்டில்லை, கடலில்தான் பிழைப்பு என்றால் எல்சி200என், அல்லது 2021-ல் வந்த மேக்னாகட். எஸ்30வி நல்ல ஸ்டீல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருக்கிற வனேடியம் கார்பைடு நம் சாதாரணக் கல்லைவிடக் கெட்டி. வைரக் கல் இல்லாமல் தீட்டினால் கை வலிக்கும், கூர் வராது. பிறகு என்னிடம் வந்து கம்பெனியைத் திட்டுவீர்கள்.

அலகில் 420 என்று பொறித்திருந்தால் "ஃபோர் ட்வென்ட்டி கத்தி" என்று சிரிக்கிறார்கள். மோசடிக்கான அந்தச் சட்டப்பிரிவே 2024-ல் மாறிப்போனது, இந்த நக்கல் மட்டும் போகவில்லை. 420 மிருதுவான ஸ்டீல், அடிக்கடி தீட்ட வேண்டும். ஆனால் உப்புத் தண்ணீரைத் தாங்கும். முந்நூறு ரூபாய்க் கத்தியில் உண்மையான 420 கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது ஏமாற்று இல்லை. டமாஸ்கஸ் என்று அலை அலையாகக் கோலம் போட்டு அதே விலைக்கு விற்கிறார்களே, அதுதான் ஏமாற்று. மேல் தோலில் லேசரிலோ அமிலத்திலோ வரைந்த படம். இரண்டு தடவை தீட்டினால் விளிம்புப் பக்கம் கோலம் அழிந்துவிடும்.

ஸ்டீலைவிட முக்கியமானது அலகின் கனம். இதை யாரும் கேட்பதே இல்லை. விளிம்புக்குப் பின்னால் தடித்த கத்தி எந்த ஸ்டீலாக இருந்தாலும் மாங்காயை வெட்டாது, பிளக்கும். மெல்லியதாக, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிக்குள் தீட்டியது போதும். நீளம் ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் எதற்கு? பையில் போடுகிற கத்தியா, பலிக்கத்தியா?

மழுங்கிய கத்தி பத்திரம் என்று பிள்ளைகளுக்கு மொட்டைக் கத்தி கொடுக்கிற அம்மாமார்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். கூர் இல்லாததுதான் அழுத்தச் சொல்லும், அழுத்தம்தான் வழுக்க வைக்கும். குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களைப் பாருங்கள். விடியுமுன் நெற்றி லைட் வெளிச்சத்தில் மரம் மரமாகப் போய்ப் பட்டையை இழை இழையாகச் சீவுவார்கள். கொஞ்சம் ஆழம் கூடினால் மரம் கெட்டுப்போகும் என்பதால் கத்தி எப்போதும் தீட்டியே இருக்கும். அவர்கள் கத்தி கார்பன் ஸ்டீல்தான், துருப்பிடிக்கிற ரகம்தான். தினமும் துடைத்துத் தீட்டுகிறவர்களுக்குத் துரு ஒரு பிரச்சினையே இல்லை. நீங்கள் அப்படித் தினமும் துடைப்பீர்களா? மாட்டீர்கள். அதனால்தான் ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொல்கிறேன்.

பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் எதையும் குத்தாதீர்கள். இளநீர்க் கண்ணைத் திறக்கிறேன் என்று நுனியை ஊன்றி அழுத்தினால் அலகு மடங்கி உங்கள் விரலைத்தான் வெட்டும். லைனர் லாக், பேக் லாக், ஓப்பினலின் வளையப் பூட்டு, ஏதாவது ஒன்று இருக்கட்டும். பூட்டு இருக்கிறது என்பதற்காக அதை உளியாக்கிச் சுத்தியலால் அடிக்கவும் வேண்டாம். ஓப்பினல் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது. ஜூனில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை அலகு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கத்தி கெட்டுப்போகவில்லை, காய்ந்ததும் சரியாகும். பல்லால் கடித்து இழுக்காதீர்கள். (இழுத்தவர் இருக்கிறார்.)

சாணை பிடிக்கக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்க அழுத்தி, விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று. அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மழுங்கும். நீலம் போகிற மட்டும் அரைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. அப்புறம் அலகு பாதிதான் மிஞ்சும். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கிறவரிடம் கொடுங்கள்.

கையை வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். ரத்தம் நின்ற பிறகு விரலை மடக்கிப் பாருங்கள். மடங்கவில்லை, அல்லது நுனி மரத்திருக்கிறது என்றால் நரம்போ தசைநாரோ வெட்டுப்பட்டிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிடி ஊசி போட்டது எப்போது என்று யோசித்து வையுங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

போலீஸ் பயம் சிலருக்கு. ஆயுதச் சட்டத்தின் விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றி. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. அதற்காகப் பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு கோயில் கொடைக் கூட்டத்தில் சுழற்றிக் காட்டினால் பிடித்து உட்கார வைக்கத்தான் செய்வார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் இருந்தால் அங்கேயே பறிபோகும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. கடற்கரைக்குக் கொண்டுபோனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் திறந்து வைத்துக் கழுவி, துடைத்து, காய வைத்துப் பிறகு மடக்குங்கள். மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து நாளடைவில் பிசுக்காகும், நாறவும் செய்யும். தேங்காய் எண்ணெய்க்கு வேறு வேலை இருக்கிறது: சக்கை (பலாப்பழம்) வெட்டின கத்தியை அப்படியே மடக்கி, பால் உறைந்து ஒட்டிப்போன பிறகு கடைக்குக் கொண்டுவந்து "கொஞ்சம் லூசாக்கித் தாங்க" என்று நீட்டுகிறீர்களே, அந்தப் பாலை வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு வாருங்கள். சக்கை சீசன் முடிகிற மட்டும் அதற்கு இனி தனிக் கூலி.