584-ஐ மறந்த மனிதர்

ஹென்றி மொலைசனிடம் 584 என்ற எண்ணைச் சொல்லி, மறக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது சரியாகச் சொன்னார். எப்படி முடிந்தது? மூன்றையும் கூட்டினால் 17. எட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். 17-இல் எட்டு போனால் 9. அதைப் பிரித்தால் 5, 4. கால் மணி நேரமும் இந்தக் கணக்கையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சற்று நேரத்தில் எண் போய்விட்டது. அப்படியோர் எண்ணைச் சொன்னார்கள் என்பதும் போய்விட்டது.

ஹென்றி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். கடும் வலிப்பு நோயாளி. 1953-இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் அறுவை செய்து, இரு காதுகளுக்கும் உட்புறமாக மூளையின் ஆழத்தில் இருந்த பகுதிகளை அகற்றினார். ஹிப்போகாம்பஸ் என்ற மூளை உறுப்பின் கணிசமான பங்கும் அதோடு போயிற்று. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை அநேகமாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது முகம்தான்.

அறிவு மழுங்கவில்லை, பேச்சு தடுமாறவில்லை. ஓடிபி வந்ததும் ஆறு இலக்கத்தை முணுமுணுத்தபடியே தட்டுகிறோமே, அந்தக் குறுகியகால நினைவு அவருக்கு நம்மைப் போலவே இருந்தது. சிறு வயது நினைவுகளும் இருந்தன. அறுந்தது நடுவில் இருந்த பாலம். ஒரு செய்தி நிலைக்க வேண்டுமானால் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பட வேண்டும். புதிய நிகழ்வுகளைப் பொறுத்தவரை அந்தப் பதிவைத் தொடங்கிவைப்பது ஹிப்போகாம்பஸ். பழைய நினைவுகள் தப்பியதால், அது நினைவின் கிடங்கு அல்ல என்பதும் தெரிந்தது. ஸ்கோவிலும் மில்னரும் 1957-இல் இதை வெளியிட்டார்கள்.

குறுகியகால நினைவும் நெடுநாள் நினைவும் வேறு வேறு என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்றாக எனக்குப் படுவது, லண்டனில் வாரிங்டன், ஷாலிஸ் என்ற ஆய்வாளர்கள் 1969-இல் விவரித்த கே.எஃப். என்ற நோயாளி. அவருக்கு எல்லாம் நேர்மாறு. காதால் கேட்ட இரண்டு மூன்று எண்களைத் திருப்பிச் சொல்லவே திணறுவார். புதியவற்றைக் கற்று நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்வதில் குறையில்லை. குறுகியகால நினைவு என்ற வாசல் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போக வேண்டும் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

ஹென்றிக்கு இன்னொரு சோதனையும் வைத்தார் மில்னர். இரட்டைக் கோட்டு நட்சத்திரம் ஒன்றின் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்க்கலாம். நமக்கே கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மூன்று நாள் பயிற்சி. நாளுக்கு நாள் தவறுகள் குறைந்தன. கைப்பழக்கம் வேறொரு வழியில், ஹிப்போகாம்பஸ் இல்லாமலே பதிந்துகொண்டிருந்தது. கடைசி நாள் அநேகமாகப் பிசகில்லாமல் வரைந்து முடித்த ஹென்றி, தாளைப் பார்த்து வியந்தார். கடினமாக இருக்கும் என்று நினைத்தாராம். இதற்கு முன் அந்த நட்சத்திரத்தை வரைந்ததாகவே அவருக்கு நினைவில்லை.