முடிச்சு ராட்டினத்தில் சிக்காமல்

அண்ணி ஊறுகாய் பாட்டிலைக் கழுவும்போது அது கைக்குள்ளேயே உடைந்தது. இடது கை மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கமாக, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வெட்டு. துணியைச் சுற்றி அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் புடவைக்குக் கொசுவம் வைக்கும்போதுதான் கவனித்தார்: மற்ற விரல்கள் மடங்க, அந்த விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

“நரம்பு அறுந்துபோச்சு” என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். நம் ஊரில் இதற்கு அதுதான் பேச்சு. ஆனால் அறுந்தது நரம்பு இல்லை, தசைநாண். நரம்பு சேதி கொண்டுபோகும்; தசைநாண் இழுக்கும். வலது கையால் இடது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொண்டு இடது விரல்களை மடக்கிப் பாருங்கள். பிடித்த இடத்தில் தசை திரள்வது தெரியும். விரலை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை, அங்கே இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட வெள்ளைக் கயிறுகளாக மணிக்கட்டைத் தாண்டி ஒவ்வொரு விரலுக்கும் இரண்டிரண்டு வருகின்றன. ஒன்று நடுக்கணுவை மடக்கும், இன்னொன்று நுனியை. நடுக்கணுவுக்குப் போவது வழியில் இரண்டாகப் பிளந்து நிற்க, நுனிக்குப் போவது அந்தப் பிளவுக்குள் புகுந்து போகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

இந்த இரண்டு கயிறும் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. மடக்கும்போது கயிறு எலும்பை விட்டு விலகாமல் இருக்க, உறையின்மேல் அங்கங்கே வளையங்கள் உண்டு. கிணற்று ராட்டினம் செய்யும் வேலையைத்தான் அவையும் செய்கின்றன. சிக்கலும் அங்கேதான். கிணற்றுக் கயிறு அறுந்தால் முடிச்சுப் போட்டு ஒட்டலாம். ஆனால் முடிச்சு ராட்டினத்தில் வந்து சிக்கும். விரலை முழுதாக மடக்க நுனிக்குப் போகும் தசைநாண் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வழுக்கி ஓட வேண்டும். தையல் போட்ட இடம் தடித்திருந்தால் ஓடாது.

தையலைவிடப் பெரிய சிக்கல் தழும்பு. உடம்புக்குக் காயத்தை ஆற்றத் தெரியும். எதை எதோடு ஒட்டக் கூடாது என்பது தெரியாது. தசைநாணின் இரு முனைகளையும் சேர்க்கும் அதே தழும்புத் திசு, தசைநாணை உறையோடும் சேர்த்து ஒட்டிவிடும். அப்புறம் தையல் பிடித்திருந்தும் விரல் அசையாது. விரலின் அடியிலிருந்து நடுக்கணுவைத் தாண்டிச் சற்றுத் தூரம் வரையுள்ள இந்தப் பகுதிக்கு, அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் காலத்திலிருந்தே ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று பெயர். அங்கே அறுந்தால் உடனே தைக்காதீர்கள், தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டுங்கள் என்பதுதான் அன்றைய பாடம். 1967-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து அறுவை மருத்துவர் ஹரோல்ட் கிளைனர்ட் குழுவினர், அந்த இடத்திலேயே தைத்து நல்ல பலன் கண்டதை வெளியிட்டார்கள். தைத்த பிறகு விரல் நகத்தில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி மணிக்கட்டுப் பக்கம் இழுத்து வைத்தார்கள். நோயாளி விரலைத் தானே நீட்டுவார். மடக்கும் வேலையை ரப்பர் செய்துவிடும். தைத்த தசைநாண் இழுக்கவே வேண்டாம், ஆனால் உறைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் ஓடினாலே ஒட்டாமல் தடுக்கலாம் என்று பின்னால் 1970-களில் டுரான், ஹவுசர் என்ற இருவர் காட்டினார்கள். அரிசி மணியின் நீளம்தான் அது.

அண்ணிக்கு அறுவை முடிந்த நான்காம் நாளே பிசியோதெரபிக்கு வரச் சொன்னார்கள். எங்களுக்குக் கோபம்கூட வந்தது, இவ்வளவு வலியில் அசைக்கச் சொல்கிறார்களே என்று. புறங்கைப் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட். விரல் முழுதாக நீளாமல் அது தடுக்கும். பிசியோதெரபிஸ்ட் அண்ணியின் விரலைத் தன் விரலால் மெதுவாக மடக்கி, “இப்ப நான் விட்டுடுவேன், நீங்க அப்படியே பிடிச்சுக்கங்கம்மா, அழுத்தக் கூடாது” என்றார். மூன்று விநாடி. விரல் நடுங்கியபடி நின்றது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் வீட்டிலும் இதையே செய்ய வேண்டும்.

“அழுத்தக் கூடாது” என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எதையும் பிடிக்காமல் விரலைச் சும்மா மடக்கும்போது தசைநாணில் விழும் இழுப்பு அதிகபட்சம் மூன்றரைக் கிலோ அளவு. நல்ல தையல் அதைத் தாங்கும். விரல் நுனியால் கெட்டியாகக் கிள்ளிப் பிடித்தால் 12 கிலோ வரை போகும், தையல் பிய்ந்துவிடும். முதல் வாரத்தில் தசைநாணின் வெட்டுமுனைகள் இளகிப்போவதால், பலமெல்லாம் நூலில்தான். பிறகு செல்கள் புதிய கொலாஜன் இழைகளை நெய்யத் தொடங்கும், ஆனால் தாறுமாறாக, வைக்கோல் போர் மாதிரி. இழுப்பு எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில்தான் அவை வரிசைப்படும். அசைவுதான் அந்தச் செல்களுக்குத் திசை சொல்கிறது. அதனால்தான் சுத்தமாக அசைக்காமல் வைப்பதும் தப்பு, வலி குறைந்துவிட்டதே என்று மூன்றாம் வாரத்தில் துணி பிழிவதும் தப்பு. வலி போவதற்கும் பலம் வருவதற்கும் நடுவே பல வாரங்கள் இருக்கின்றன. மறுபடி அறுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் மாட்டுகிறார்கள்.

பொதுவாக ஆறு வாரத்தில் ஸ்பிளிண்ட் கழலும், எட்டு வாரம் போல மெல்ல பலப்பயிற்சி, குடம் தூக்குவதெல்லாம் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. உள்ளே இழைகள் சீராவது ஒரு வருடம்வரை நடக்கும்.

மூளைக்கும் இதில் வேலை உண்டு. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, நன்றாக இருக்கும் தசையின் நாணை மாற்றித் தைத்தார். அறுவை முடிந்ததும், வேறு வேலை செய்துவந்த தசையைப் புது வேலைக்கு நோயாளி பழக்க வேண்டியிருந்தது. அண்ணிக்குத் தசை மாறவில்லை. ஆனாலும் ஆறு வாரம் கழித்து “மடக்குங்க” என்றதும் தோள்தான் உயர்ந்தது. விரலை எப்படி மடக்குவது என்பதே மறந்ததுபோல் இருந்தது என்றார்.

ஒவ்வொரு முறையும் பிசியோதெரபிஸ்ட் முஷ்டி பிடிக்கச் சொல்லி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினார். ஏழாம் வாரம் நான்கு சென்டிமீட்டர். பத்தாம் வாரம் இரண்டரை. போன மாதம் அரை. அண்ணி இப்போது கொசுவத்தை அந்த விரலையும் சேர்த்துத்தான் மடிக்கிறார்.