சென்சரி: உணர்ச்சியா, புலனா?

மலைப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் இப்போது ‘சென்சரி’ என்ற சொல் அடிபடுகிறது. “அவனுக்கு சென்சரி இஷ்யூ” என்கிறார்கள். ஓசை, தொடுதல் போன்றவை ஒரு பிள்ளைக்கு அளவுக்கு மீறி உறுத்துவதையோ, உறைக்காமலே போவதையோதான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் சொல்லச் சொன்னால் ‘உணர்ச்சிப் பிரச்சினை’ என்று வருகிறது. வம்பே அங்கேதான். உணர்ச்சி என்றதும் கோபமும் அழுகையும்தான் நினைவுக்கு வரும். பையன் பிடிவாதக்காரன் ஆகிவிடுவான். ‘வீட்டில் செல்லம் அதிகம்’ என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும்.

லத்தீன் ‘சென்சுஸ்’ வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. இங்கே பொருந்தும் தமிழ்ச் சொல் புலன். கண், செவி முதலியவை பொறி. அவற்றால் அறிவது புலன். புலப்படுதல், புலனாய்வு எல்லாம் இதன் உறவுகள். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று குறள் அடுக்குவதும் இந்த ஐந்தைத்தான்.

இதில் ஊறு என்பது தொடுவுணர்வு. ‘உறு’ என்ற வினையிலிருந்து பிறந்தது. அதே ஊறுக்குக் காயம், கேடு என்ற பொருளும் உண்டு. கோத்தகிரிக் குளிரில் கம்பளி ஸ்வெட்டரின் கழுத்து உரசியதும் துடித்துப்போகும் குழந்தைக்கு இரண்டு பொருளும் ஒன்றேதான். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையோ ஸ்வெட்டரே இல்லாமல் நடுங்கிக்கொண்டு ஓடும். அதற்குக் குளிர் உறைப்பதே இல்லை. இதுவும் அதே சிரமத்தின் மறுபக்கம்.

புலன் ஐந்தோடு முடியவில்லை. நீலகிரியின் கல்ஹட்டி மலைப்பாதையில் உள்ள 36 கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்ற வைப்பது உள்காதின் சமநிலைப் புலன். கை கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வது தசை, மூட்டுகளின் புலன். இவற்றையும் சேர்த்து, மூளை எல்லாவற்றையும் எப்படிக் கோக்கிறது என்று ஆராய்ந்தவர் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஜீன் அயர்ஸ். அவருடைய முக்கிய நூல் 1972இல் வந்தது.

இந்தச் சிரமத்தின் முழு ஆங்கிலப் பெயர் ‘சென்சரி ப்ராசஸிங் டிஸார்டர்’. சரி, ‘ப்ராசஸிங்’குக்கு என்ன சொல்வது? பதப்படுத்துதல் என்றால் தேயிலைக்குப் பொருந்தும், பிள்ளைக்குப் பொருந்தாது. ‘கையாளல்’ போதும். ‘டிஸார்டர்’ என்பதைக் ‘கோளாறு’ என்று முடிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இதைத் தனி நோயாகப் பட்டியலிடவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகத்தான் சேர்த்திருக்கிறது. ஆகவே ‘புலன் கையாளல் சிரமம்’ என்பேன்.

சொல்லைத் திருத்தினால் கேள்வியும் திருந்தும்: “ஏன் அழுகிறாய்?” என்பது “எது உறுத்துகிறது?” என்றாகும். உறுத்தலும் அந்த ‘உறு’வின் பிள்ளைதான். ஸ்வெட்டருக்குள் பருத்திச் சட்டை போட விடலாம், லேபிளை வெட்டிவிடலாம். மணி அடிக்குமுன் காதோரம் சொல்லி வைக்கலாம். ஓயாமல் ஆடும் பிள்ளையிடம் நோட்டுக் கட்டைக் கொடுத்து ஆசிரியர் அறைக்கு அனுப்பலாம். சுமை தூக்கினால் சிலருக்கு உடம்பு நிதானப்படும். அப்புறம், தகரக் கூரையில் ஐப்பசி மழை அறையும்போது காதைப் பொத்தும் குழந்தையின் கையை இழுத்துவிட வேண்டாம். அந்த நேரத்தில் டிக்டேஷன் வைத்தால் மற்றவர்களுக்கும்தான் ஒன்றும் கேட்காது.