கம்பிக்கு விசில் கொடுக்காதீர்கள்

'400 கேவி (கிலோவோல்ட்) மின்தடங்களுக்கான நடத்துநர்கள் தேர்வு' என்ற தலைப்போடு ஒரு மொழிபெயர்ப்பு திருத்தத்துக்கு வந்தது. போக்குவரத்துக் கழகத்தில் ஆள் எடுக்கிறார்கள் போல என்று நினைத்தேன். உள்ளே போனால் 'அலுமினிய நடத்துநர்', 'எஃகு நடத்துநர்', எல்லாவற்றுக்கும் மேலே 'கடமான் நடத்துநர்'. இந்த நடத்துநரை நான் சந்திப்பது இது எத்தனையாவது தடவையோ!

ஆங்கில மூலத்தில் இருந்தது 'கண்டக்டர்', மின்சாரம் பாயும் பொருள். கண்டக்டருக்கு லத்தீன் வேர். 'அழைத்துச் செல்பவர்' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் டெசகுலியர்ஸ் என்ற அறிவியலாளர் அதை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார். ஆளுக்கும் பொருளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும். தமிழில் விகுதி விடாது. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் என்று 'நர்' ஒட்டினாலே அங்கே ஒரு மனிதர் வந்து நின்றுவிடுவார். மண்வெட்டி, பாக்குவெட்டி, மரங்கொத்தி என்று அஃறிணைக்கு 'இ' இருக்கிறது. அந்த வரிசையில் வருவதுதான் கடத்தி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளிப் பாடநூலில் இருக்கும் சொல். அதைப் புரட்டிப் பார்க்கக்கூட மொழிபெயர்ப்பாளருக்கு நேரமில்லை.

'கடத்தி என்றால் தங்கம் கடத்துகிறவன் ஞாபகம் வருகிறதே, மின்செலுத்தி என்று வைக்கலாமே' என்கிறார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். ஐயா, நட என்பதிலிருந்து நடத்து வந்த மாதிரி கட என்பதிலிருந்து வந்தது கடத்து, கடக்கச் செய்வது. காலங்கடத்துகிறவரைப் போலீஸ் பிடிப்பதில்லை. செலுத்துவது மின்னழுத்தத்தின் வேலை. கம்பி வழிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் செலுத்தி என்பது பொருளிலேயே பிழை.

'அப்படியானால் மின்கம்பி போதுமே' என்பார்கள். செய்தித்தாளுக்குப் போதும். பொருள் தேர்வு பற்றி எழுதும்போது போதாது. நன்றாகக் கடத்துவது செம்புதான். அலுமினியத்தின் கடத்துதிறன் அதில் சுமார் 61 சதவீதம். ஆனால் ஒரு கன செ.மீ. செம்பின் எடை 8.96 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம். அதனால் அதே மின்தடைக்கு (ரெசிஸ்டன்ஸ்) அலுமினியத்தின் குறுக்குப் பரப்பை 1.6 மடங்கு கூட்டினாலும் எடை பாதிதான் வரும். கோபுரத்துக்குச் சுமை குறையும், செலவும் குறையும். பருமன் கூடுவதால் உயர் அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் மின்சாரம் கசிவதால் எழும் 'கொரோனா' இழப்பும் குறையும். இழுவையைத் தாங்கும் வலு மட்டும் அலுமினியத்துக்குப் போதாது. அதனால் நடுவில் 7 எஃகு இழை, அதைச் சுற்றி 54 அலுமினிய இழை, ஒவ்வொன்றும் 3.53 மி.மீ. இந்த 61 இழையும் முறுக்கிச் சேர்ந்தால் கிட்டத்தட்ட 32 மி.மீ. விட்டமுள்ள ஒரு கடத்தி. இழையும் கம்பி, முறுக்கியதும் கம்பி என்று எழுதினால் படிக்கிற பொறியாளர் எதை எண்ணுவார்? எஃகு வலுவூட்டிய அலுமினியக் கடத்தி என்று எழுதுங்கள். களத்தில் வயர்மேன் கண்டக்டர் என்கிறாரா, சொல்லட்டும். அவருக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் அகராதியைத் திறக்காமல் 'தமிழ்ப்படுத்துகிற' நம்மிடம்தான்.

அந்தக் கடமானுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் வழக்கத்தில் கடத்தியின் அளவுகளுக்கு விலங்குப் பெயர்கள்: மூஸ், ஜீப்ரா, பேந்தர், டாக். அமெரிக்காவில் பறவைப் பெயர்கள். மேலே சொன்ன 61 இழைக் கடத்திதான் மூஸ். அதைத்தான் கடமான் ஆக்கியிருந்தார். அது குறியீட்டுப் பெயர், அப்படியே விடுங்கள் என்று எழுதித் திருத்தி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது: "நன்றி சார், நடத்துநரை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். வரிக்குதிரைக் கடத்தி இருக்கலாமா?"