எட்டு மைக்கும் ஒரு நூல்கண்டும்

சாலிகிராமத்தில் நண்பர் வீட்டு மாடியறை. பத்துக்குப் பத்தடி, சிமெண்ட் சுவர், தரையில் டைல்ஸ். டிரம்ஸ் ஒலிப்பதிவுக்காக எட்டு மைக்கை வாடகைக்கு எடுத்துப்போனோம். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அருமை. எட்டையும் சேர்த்துத் திறந்தால் ஸ்நேர் என்னும் சிறு டிரம், தகர டப்பாவைத் தட்டியது மாதிரி இருந்தது.

மைக்கில் கோளாறில்லை, தூரத்தில்தான். 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. ஒரு மைக் இன்னொன்றைவிட 17.5 செ.மீ. தள்ளி நின்றால், அதே அடி அதற்கு அரை மில்லி நொடி பிந்திப் போய்ச் சேரும். 1000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுற்றே ஒரு மில்லி நொடிதான். அதனால் ஒன்றில் அலை மேடேறும்போது மற்றதில் பள்ளம். இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் கூடினால் அந்த அதிர்வெண் காணாமலே போய்விடும். 3000, 5000 ஹெர்ட்ஸிலும் இதே கதை. அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை எவ்வளவு திருகினாலும் இல்லாததை ஏற்ற முடியாது.

நூல்கண்டு வந்தது. ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் அழுத்திப் பிடித்து, டிரம்ஸுக்கு மேலே வைக்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்கையும் அங்கிருந்து சமதூரத்தில் நிறுத்தினோம். பார்க்கக் கோணல்தான். பிரிட்டிஷ் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் பெயரால் வழங்கும் முறையும் இந்தச் சமதூரக் கணக்கை நம்பியதே. ஸ்நேரை ஒட்டிவைத்த ஷூர் எஸ்.எம். 57 மைக்குக்கு அந்தச் சமதூரம் சாத்தியமில்லை. அதன் துருவத்தை (அலையின் மேட்டைப் பள்ளமாகப் புரட்டுவது) மாற்றிப் பார்த்து, எதில் அடி கனமாகக் கேட்டதோ அதையே வைத்துக்கொண்டோம். எஸ்.எம். 57 டைனமிக் மைக்; பலத்த அடியைத் தாங்கும். ஓவர்ஹெட்டுக்கு வைத்த கண்டென்சர் மைக்கோ அடுத்த வீட்டு குக்கர் விசிலையும் விடாது.

அடுத்த வில்லன் கூரை. அதற்கு 30 செ.மீ. கீழே மைக் இருந்தால், மேலே மோதித் திரும்பும் ஒலி 60 செ.மீ. கூடுதலாக நடந்து வரும். 290 ஹெர்ட்ஸ் பக்கம், ஸ்நேரின் வயிற்றிலேயே, ஓட்டை விழும். பலரும் ஒட்டும் முட்டை அட்டை இதற்கு உதவாது. அந்த அலையின் நீளம் 1.2 மீட்டர், மெல்லிய அட்டை அதை என்ன செய்துவிடும்? மைக்கை இறக்கி, கூரையடியில் தடித்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம்.

கடைசியில் தேவைப்பட்ட மைக்குகள் நான்கே: காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, இரண்டு ஓவர்ஹெட். மற்ற நான்கையும் மதியமே திருப்பிக் கொடுத்தோம். முழுநாள் வாடகைதான் வாங்கினார்கள்.