முகவரி மேல் விழும் கோடு

காப்பீட்டுக்கு வரும் வீடுகளின் ரிஸ்க்கைக் கணக்கிடுவது என் வேலை. விண்ணப்பம் கைக்கு வந்ததும் முதலில் முகவரியைத்தான் பார்ப்பேன். ஆறு எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், அந்தப் பகுதியில் இதுவரை எத்தனை கிளைம்? வீட்டுக்காரர் வாசலை உயர்த்திக் கட்டியிருக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம்தான். பல நேரம் அந்தக் கேள்வியே வருவதில்லை.

வெள்ளம், தீ என்று வரும்போது, உங்கள் பிரீமியத்தில் பெரும்பங்கு உங்கள் தெருவைச் சுற்றி யாரோ போட்ட கோட்டிலிருந்து வருகிறது. அந்தக் கோட்டை இயற்கை மட்டும் போடுவதில்லை. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று நகரங்களை நான்கு வண்ணங்களாகப் பிரித்து வரைபடம் போட்டது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்புக்குள் போயின. அப்படிப்பட்ட பகுதிகளைக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒதுக்கின. 1960களின் கலவரங்களுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாக, 1968இல் வந்த ஒரு சட்டம், எங்கும் பாலிசி கிடைக்காதவர்களுக்கான ‘ஃபேர்’ திட்டங்களுக்கு வழிசெய்தது. இன்று கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அபாயத்தால் பாலிசி மறுக்கப்படுகிறவர்கள் போய் நிற்பதும் அந்தத் திட்டத்தின் வாசலில்தான்.

பிரிட்டன் வேறு வழி பிடித்தது. 2016 முதல் வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘ஃப்ளட் ரீ’ என்ற பொது ஏற்பாட்டுக்குப் பணம் கட்டுகின்றன. மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவருக்காகக் கொஞ்சம் சுமக்கிறார். காப்பீடு என்பதே அதுதானே? ஆனால் 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகள் இதில் சேராது. வெள்ளம் வரும் இடத்தில் இனியும் கட்டக் கூடாது என்பதற்காக வைத்த நிபந்தனை. கட்டியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், சுமை வாங்கியவர் தலையில் விழும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சரி, வீடு வாங்கப் போகிறீர்களா? கடன் 20 வருடத்துக்கு, பாலிசி பெரும்பாலும் ஒரே வருடத்துக்கு. நடுவில் நிறுவனம் விலகிக்கொண்டால் கடன் கொடுத்தவர் நெருக்குவார். வீட்டை விற்பதும் கஷ்டமாகிவிடும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த முகவரிக்குக் காப்பீடு கிடைக்குமா, என்ன விலைக்கு என்று விசாரியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளப் பகுதி என்று ஒரு வீட்டுக்கு நாங்கள் பாலிசி மறுத்திருந்தோம். உரிமையாளர் காரணம் கேட்டு எழுதினார். திரும்பப் பார்த்தால், எங்கள் வரைபடத்தில் அந்த வீட்டின் புள்ளி ஆற்றங்கரையில் விழுந்திருந்தது. வீடு இருந்ததோ மேட்டில். அதே தெருவில் இன்னும் எட்டு வீடுகளுக்கு அதே பிழை. அவர்கள் யாரும் கேட்கவில்லை, வருடா வருடம் கூடுதல் பிரீமியத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.