கறுத்த டங்ஸ்டனைத் துடைக்காதீர்கள்

கண்ணாடிபோல் மெருகேற்றிய டங்ஸ்டன் வில்லையை ஹீலியம் பிளாஸ்மாவில், அதாவது அயனியாக்கிய ஹீலியம் வாயுவில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கரிய வெல்வெட் போர்த்தியதுபோல் இருக்கும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் பம்ப்பின் எண்ணெய்ப் புகை படிந்துவிட்டது என்று எண்ணி, ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்துவிடுகிறார்கள். கறுப்பும் தாளோடு வந்துவிடுகிறது. அழுக்குதான் என்ற முடிவும் உறுதியாகிவிடுகிறது. ஆனால் தாளில் ஒட்டியிருப்பது டங்ஸ்டன். தொடக்க நாட்களில் நானும் ஒரு மாதிரியை இப்படி இழந்திருக்கிறேன்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தக் கறுப்பு, சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளின் அடர்ந்த காடாகத் தெரியும். அணுக்கரு இணைவு ஆய்வுத் துறைக்குள் இதை ‘ஃபஸ்’ என்கிறோம். அதன் கன அளவில் பெரும்பகுதி வெற்றிடம். உள்ளே நுழைந்த ஒளி இழைகளுக்கிடையே சிக்கி வெளியேற முடியாததால்தான் கறுப்பு. 2006-இல் தகமுராவும் அவருடைய குழுவினரும் ஜப்பானிலிருந்து இதைப் பற்றி எழுதிய பிறகே துறை இதைக் கவனிக்கத் தொடங்கியது.

எனக்கு இன்றும் வியப்பளிப்பது ஒன்று உண்டு. டங்ஸ்டன் உருக 3422 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் பரப்பிலிருந்து ஓர் அணுவைத் தட்டிப் பெயர்க்க ஹீலியம் அயனிக்குச் சுமார் 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. இழைகளோ 30 எலக்ட்ரான் வோல்ட்டிலேயே வளர்கின்றன. ‘ஆற்றல் குறைவு, ஆகவே ஆபத்தில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது. ஹீலியம் உலோகத்தில் கரையாது. அணுக்களுக்கு நடுவே வேகமாக நகரும். வழியில் இன்னொரு ஹீலியத்தைச் சந்தித்தால் சேர்ந்துகொள்ளும். சில அணுக்கள் கூடியதும் அந்தக் கூட்டம் ஒரு டங்ஸ்டன் அணுவை அதன் இருப்பிடத்திலிருந்து தள்ளிவிட்டு அந்தக் குழியில் குடியேறும். அதுவே குமிழியாகிப் பெருக்கிறது. தள்ளப்பட்ட அணுக்கள் பரப்புக்கு வந்து சேர்கின்றன. உலோகம் உள்ளிருந்து ஊதப்படுகிறது என்று சொல்லலாம்.

இதற்கு வெப்பநிலை பொருந்தி வர வேண்டும்: ஏறத்தாழ 1000 முதல் 2000 கெல்வின் வரை. அதற்குக் கீழே உள்ளே நுண்குமிழிகள் இருக்கும், பரப்பில் இழைகள் எழாது. அதற்கு மேலே மைக்ரோமீட்டர் அளவுக்கு ஓட்டைகள் விழும். படலத்தின் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வதால், இரு மடங்கு தடிமனுக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும்.

நம் அளவீடுகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பரப்பு கறுக்கக் கறுக்க அதன் கதிர்வீச்சுத் திறன் ஏறுகிறது. பரப்பு வீசும் ஒளியைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டரில், மெருகேற்றிய டங்ஸ்டனுக்கான மதிப்பையே விட்டுவைத்தால், உண்மையைவிடக் கூடுதலான வெப்பநிலையைக் காட்டும். உண்மையில் கறுத்த பரப்பு அதிக வெப்பத்தைக் கதிர்வீசுவதால், அதே பிளாஸ்மாவில் மாதிரி குளிரத் தொடங்கியிருக்கும். மாதிரியின் பின்புறம் தொட்டு வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் கட்டாயம் வேண்டும்.

அணுக்கரு இணைவு உலையில் இது ஏன் முக்கியம்? ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஹீலியம் பிறக்கிறது. ஆற்றலை இழந்தபின் அது சாம்பலாக, உலையின் கழிவை வெளியேற்றும் பகுதியான டைவர்ட்டர் வழியே வெளியேற வேண்டும். பிரான்சில் எழும் ஈட்டர் என்ற பன்னாட்டு இணைவு உலையின் டைவர்ட்டர் டங்ஸ்டனால் ஆனது. உட்சுவரையும் பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் அமெரிக்காவின் ஆல்கேட்டர் சி-மாட் டோகமாக்கிலும் இந்த இழைகள் வளர்ந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சோதனைக் கூடத்து விசித்திரம் என்று தள்ளிவிட முடியாது. இழைகள் வெப்பத்தைச் சரியாகக் கடத்துவதில்லை, திடீர் வெப்ப அலை வந்தால் நுனிகள் உருகலாம், மின்வில் எளிதில் பற்றிக்கொள்ளும், உதிர்ந்தால் தூசி.

ஆனால் எல்லாம் கேடு என்று எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. இழைகளுக்குள் தட்டப்படும் அணுக்கள் பக்கத்து இழையிலேயே ஒட்டிக்கொள்வதால் அரிமானம் குறைகிறது. ஹீலியம் குமிழிகள் நிறைந்த மேலடுக்கு, ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் ஆழத்துக்கு ஊடுருவுவதையும் பல சோதனைகளில் தடுத்திருக்கிறது.

மாதிரி வெளியே வந்ததும் விளிம்பை மட்டும் இடுக்கியால் பிடியுங்கள். எடையை உடனே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைக்கும்போது பரப்பின் மேல் பஞ்சோ தாளோ படக் கூடாது. ஒரு மூலையைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றினால், அதற்கென்று இரண்டாவது வில்லையைப் பிளாஸ்மாவில் வைத்திருங்கள்.